வீரர் விழுந்தால் அணியும் விழுமா?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம். இரவு 9 மணி.

விடியற்காலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரைக்குத் திரும்புகிற நேரம் இது. மீன் கூடைகள் இறங்குகின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு பக்கம் ஏலக் குரல். அதற்கு நடுவே, டீக்கடை பெஞ்சில் ஒரு சிறு கூட்டம். எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு செல்போனில் இருக்கிறது.

சினிமாவா? இல்லை, கபடி!

நம் பாட்டன்மார் ஆடிய அதே சடுகுடுதான். இன்று அது கோடிக் கணக்கில் பணம் புரளும் தொழில் ஆட்டமாகி விட்டது. 2014-ம் ஆண்டில் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-ல் தமிழ்நாட்டின் பெயரால் "தமிழ் தலைவாஸ்" அணி அதில் சேர்ந்தது. அன்று முதல், கபடி சீசன் வந்தால் துறைமுகத்திலும் உப்பளத்திலும் அதே பேச்சுத்தான்.

பேச்சு எப்படிப் போகும்?

"அண்ணாச்சி, அவனுக்கு முட்டி சரியாயிட்டா?"

"எங்க சரியாச்சு? துட்டை வாங்கிட்டு உக்காந்திருக்கான். சும்மா நடிக்கான்வே!"

"அவன் இல்லைன்னா நம்ம டீம் அவ்வளவுதான்."

ரசிகர்கள் எங்கே கூடினாலும் இந்த மூன்று பேச்சு வந்து விடும். "எப்போது திரும்புவார்?" என்பது ஒன்று. "நடிக்கிறார்" என்பது இரண்டு. "அவர் இல்லாவிட்டால் அணி இல்லை" என்பது மூன்று.

இந்தப் பேச்சு சரிதானா? டீக்கடைப் பேச்சுத்தானே என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால், அதே பெஞ்சின் ஓரத்தில் 16 வயதுப் பையன் ஒருவனும் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறான். நாளை அவனும் கோவில் கொடைப் பந்தயத்தில் இறங்கப் போகிறான். காயம் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் இங்கேதான் கற்றுக் கொள்கிறான்.

முதல் நாளே விழுந்த வீரர்

2022-ம் ஆண்டு நடந்ததைப் பார்ப்போம். தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் மறக்க முடியாத ஆண்டு அது.

அதற்கு முன் ஆடிய 4 சீசன்களில் ஒரு தடவை கூட அந்த அணி கடைசிக் கட்டப் போட்டிகளுக்குப் போனதில்லை. எனவே, 2022 ஆகஸ்டு ஏலத்தில் பவன் செராவத் என்ற வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் யாரும் கொடுக்காத தொகை அது.

பவன் ஒரு ரெய்டர். அதாவது, எதிர்த் தரப்பின் பக்கம் பாடிப் போகிறவர். பெங்களூர் அணியில் இருந்தபோது புள்ளிகளை அள்ளிக் குவித்தவர். "இனிக் கவலை இல்லை" என்று ரசிகர்கள் நினைத்தார்கள்.

அக்டோபர் 8-ந் தேதி. பெங்களூரில் முதல் ஆட்டம். எதிர்த் தரப்பு குஜராத் ஜயன்ட்ஸ். அந்த அணியின் சந்திரன் ரஞ்சித் பாடி வந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர். அவரைப் பிடிக்கப் போனார் பவன். முழங்கால் திரும்பியது. கீழே விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதல் ஆட்டத்தின் முதல் பாதி கூட முடியவில்லை. அந்த சீசனில் பவன் அப்புறம் களம் இறங்கவே இல்லை!

அன்றைய ஆட்டம் 31-31 என்று சமமாக முடிந்தது. ஆனால் ரசிகர்களின் முகம் தொங்கிப் போயிற்று. "2 கோடி போச்சே!" என்றார்கள். "இனி டீம் அவ்வளவுதான்" என்றார்கள்.

அவ்வளவுதானா?

இல்லை என்பதுதான் அதிசயம்!

தொடக்கத்தில் அணி தடுமாறியது உண்மை. பயிற்சியாளர் மாறினார். அஷன் குமார் பொறுப்பேற்றார். சாகர் ராத்தி என்ற வாலிபர் தலைவரானார். அவர் பிடிப்பதில் கெட்டிக்காரர். பாடிப் போகும் வேலை நரேந்தர் என்ற புதுப் பையனிடம் வந்தது. லீக்கில் அவருக்கு அதுதான் முதல் சீசன். யாருக்கும் பெயர் கூடத் தெரியாது. அந்தப் பையன் அந்த ஒரே சீசனில் 200-க்கு மேல் ரெய்டுப் புள்ளிகள் எடுத்து விட்டார்!

பின்னால் தலைவர் சாகரும் காயம் பட்டு உட்கார்ந்தார். அஜிங்க்ய பவார் தலைமை ஏற்றார். அப்போதும் அணி சாயவில்லை.

டிசம்பர் 13-ந் தேதி மும்பையில் உ.பி. யோத்தாஸ் அணியுடன் வாழ்வா சாவா ஆட்டம். 36-36 என்று சமமாக நின்றது. இரு தரப்புக்கும் ஐந்தைந்து ரெய்டு கொடுத்தார்கள். அதில் தமிழ் தலைவாஸ் 6-4 என்று ஜெயித்தது. முதல் தடவையாக அரை இறுதிக்குப் போயிற்று. அங்கே புனே அணியிடம் 37-39 என்று தோற்றது. இரண்டே புள்ளி!

விலை உயர்ந்த வீரர் இருந்தபோது வராத வெற்றி, அவர் விழுந்த பிறகு வந்தது. ஏன்?

கபடியில் ஒரு பக்கம் 7 பேர். ரெய்டர் ஒருவர் பாடிப் போவது 30 விநாடிதான். அவர் திரும்பி வந்ததும் எதிரி பாடி வருவார். அவரைப் பிடிக்க ஒருவர் கணுக்காலைப் பற்ற வேண்டும். இன்னொருவர் தோள் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கை கோத்து வழியை அடைக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் எதிரி கோட்டைத் தொட்டு விடுவார். எத்தனை பெரிய ரெய்டரானாலும் இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது.

இதற்கு எதிர்ச் சாட்சியும் உண்டு. 2019-ம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் என்று மூன்று பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு 12 அணிகளில் தமிழ் தலைவாசுக்குக் கிடைத்தது 12-வது இடம்!

2023-ம் ஆண்டு ஏலத்தில் பவனை தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. அது அப்போது புதிய சாதனை. அவர் நன்றாகவே ஆடினார். ஆனால் அந்த அணி அந்த சீசனில் கடைசி இடத்தில்தான் முடிந்தது.

எனவே, "அவர் இல்லாவிட்டால் டீம் அவ்வளவுதான்" என்ற பேச்சு முழு உண்மை அல்ல. ஒரே வீரரின் முழங்காலை நம்பி நிற்கும் அணி, அந்த முழங்கால் மடங்கும்போது மடங்கும். அடுத்த பையனைத் தயாராக வைத்திருக்கும் அணி நிமிர்ந்து நிற்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தக் கூத்து இங்கே மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் "அமெரிக்கன் ஃபுட்பால்" என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயரில்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுவார்கள். எதிரிகள் மோதி, கட்டிப் பிடித்து, கீழே தள்ளுவார்கள். அந்த வகையில் அது நம் கபடிக்குத் தூரத்துச் சொந்தம்.

நியூயார்க் ஜெட்ஸ் என்ற அணி, ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற பெரிய வீரரை வேறு அணியிலிருந்து கொண்டு வந்தது. 2023 செப்டம்பர் 11-ந் தேதி முதல் பந்தயம். அவர் களம் இறங்கி நான்காவது முறை பந்தை எடுத்தபோதே குதிகால் நாண் அறுந்து விழுந்தார். அந்த சீசன் முழுவதும் வீட்டில்தான். பவனுக்கு நடந்தது போலவே!

அன்றைய பந்தயத்தில் ஜெட்ஸ் ஜெயித்தது. ஆனால் சீசன் முடிவில் 7 வெற்றி, 10 தோல்வி. அங்கே அடுத்த ஆள் தயாராக இல்லை. தமிழ் தலைவாசுக்கு நரேந்தர் கிடைத்தார். ஜெட்ஸ் அணிக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அந்த லீக்கில் உள்ள ஒவ்வோர் அணியும் சீசன் நடக்கும்போது வாரா வாரம் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். யாருக்கு எங்கே காயம், யார் பயிற்சிக்கு வந்தார், யார் வரவில்லை, யார் ஆடுவது சந்தேகம் என்று அதில் சொல்ல வேண்டும். மறைத்தால் அபராதம்.

தலையில் அடிபட்ட வீரர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. எந்த அணியையும் சேராத டாக்டர் ஒருவர் மைதான ஓரத்தில் இருப்பார். சந்தேகம் வந்தால் வீரரைப் பரிசோதிப்பார். தேறாதவர் அன்று திரும்ப இறங்க முடியாது. வீரரே கெஞ்சினாலும் முடியாது.

உண்மை நிலை வெளியே தெரிந்தால் வதந்திக்கு வேலை குறைகிறது. "நடிக்கிறான்" என்ற பேச்சுக்கும் இடம் குறைகிறது. நம் நாட்டு லீக்குகளிலும் காயப் பட்டியலை இப்படி ஒழுங்காக வெளியிட்டால், ரசிகனுக்கும் நல்லது, வீரனுக்கும் நல்லது.

முட்டிக்குள் என்ன நடக்கிறது?

கபடியில் அதிகமாக அடிபடும் இடங்களில் முழங்கால் ஒன்று. ஏன்?

ரெய்டர் கோட்டை நோக்கித் திரும்பி ஓடுகிறார். அந்த நேரத்தில் ஒருவர் அவர் கணுக்காலைப் பிடிக்கிறார். பாதம் அங்கேயே நின்று விடுகிறது. உடம்பு மட்டும் திரும்புகிறது. நடுவில் அகப்பட்டுக் கொள்வது முழங்கால். அது மடக்கவும் நீட்டவும் ஏற்பட்ட மூட்டு. துணி பிழிவது போல முறுக்கினால் தாங்காது.

முழங்காலுக்குள் இரண்டு நாண்கள் சிலுவை போலக் குறுக்காக இருக்கின்றன. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நழுவாமல் பிடித்திருப்பவை அவை. அவற்றில் முன்னால் உள்ள நாண் முறுக்கில் அறுந்து விடுவதுண்டு. "பட்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் போல வீங்கி விடும்.

இதில் ஒரு மோசம் இருக்கிறது. சில நாளில் வீக்கம் வடிந்து விடும். நடக்கலாம். மாடிப்படி கூட ஏறலாம். "சரியாகி விட்டது" என்று பையன் நினைப்பான். அணித் தலைவனும் நினைப்பான். ஆனால் உள்ளே நாண் அறுந்தபடியே கிடக்கும். மறுபடியும் கபடிக்குப் போய்ச் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவும். அப்போது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழியும். 20 வயதில் இப்படிக் கெடுத்துக் கொண்டவனுக்கு 40 வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம்.

அறுந்த நாணைச் சரி செய்ய ஆபரேஷன் உண்டு. உடம்பின் வேறு இடத்திலிருந்து, பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து, ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். பொருத்திய நாண் வேர் விட்டு உறுதியாக மாதக் கணக்கில் ஆகும். காலுக்குப் பலம் வரத் தேகப் பயிற்சி செய்ய வேண்டும். மோதி ஆடும் ஆட்டத்துக்குத் திரும்ப 9 மாதமாவது பொறுப்பது நல்லது என்பது டாக்டர்களின் பொதுவான அபிப்பிராயம். அவசரப்பட்டுத் திரும்பியவர்களுக்கு மறுபடியும் அறுபடுவது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள்.

"எப்போது திரும்புவார்?" என்பது ரசிகரின் கேள்வி. "ஆறி விட்டதா?" என்பதுதான் சரியான கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் காலண்டரில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த வீரரின் காலில் இருக்கிறது.

பவன் செராவத் பொறுத்திருந்தார். 2023 ஜூன் கடைசியில் தென்கொரியாவின் பூசான் நகரில் இந்தியா ஆசியச் சாம்பியன் பட்டம் வென்றது. தலைவர் பவன்! அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 33-29 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. அங்கும் தலைவர் பவன்தான். அந்த நாள் 2023 அக்டோபர் 7.

பெங்களூரில் விழுந்தது 2022 அக்டோபர் 8. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு!

2025-ல் அவர் மறுபடியும் தமிழ் தலைவாஸ் சட்டை போட்டதும், சீசன் முடியும் முன் விலகியதும் வேறு கதை. காயத்தைப் பொறுத்த வரையில் பாடம் ஒன்றுதான். அன்று அவர் வலியை மறைத்துக் கொண்டு அடுத்த ஆட்டத்தில் இறங்கியிருந்தால், அந்தத் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டிருக்க முடியுமா?

"நடிக்கிறான்" என்ற சொல்

கோடி ரூபாய் வீரருக்கு டாக்டர் இருக்கிறார். கால் பிடித்து விட, பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. "நடிக்கிறான்" என்று தூத்துக்குடி டீக்கடையில் சொல்வது அவர் காதில் விழப் போவதில்லை.

அது விழுவது யார் காதில்? பெஞ்சு ஓரத்துப் பையன் காதில்!

இது கபடி மண். தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்று ஒரு சின்னக் கிராமம். அந்த ஊர்க்காரர் மணத்தி கணேசன், 1994-ம் ஆண்டு ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். 2025 அக்டோபரில் வெளிவந்த "பைசன் காளமாடன்" படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது. அதன் பிறகு மணத்தியின் பெயர் தமிழகம் முழுவதும் தெரிந்து விட்டது.

கபடி ஆடிப் பெயர் வாங்கலாம், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீசிலோ ரெயில்வேயிலோ வேலை வாங்கலாம் என்ற ஆசை ஏழை வீட்டுப் பையன்களுக்கு உண்டு. அது நல்ல ஆசைதான். அந்த ஆசைதான் அவர்களை வலியை மறைக்கவும் வைக்கிறது.

"முட்டி வலிக்கிறது என்று சொன்னால் அணியில் எடுக்க மாட்டார்கள்." "பயந்தாங்கொள்ளி என்பார்கள்." இந்தப் பயத்தில் பையன் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக் கொண்டு இறங்கி விடுகிறான். வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் அம்மா ஆட விட மாட்டாளே!

ரசிகர்கள் நட்சத்திர வீரரை "நடிக்கிறான்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், காயத்தைச் சொல்வது கேவலம் என்று அந்தப் பையன் கற்றுக் கொள்கிறான். ரசிகருக்கு அது ஒரு வாய்ப் பேச்சு. பையனுக்கு அது வாழ்நாள் முழுவதும் நொண்டும் காலாக முடியலாம்.

பண்ருட்டியும் சின்சினாட்டியும்

முழங்கால் போனால் உயிர் இருக்கும். உயிரே போன கதையும் உண்டு.

2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே ஒரு கபடிப் பந்தயம். கல்லூரி மாணவர் ஒருவர் பாடிப் போனார். பிடிபட்டு விழுந்தார். எழுந்திருக்க முயன்றார். மறுபடியும் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் போய் விட்டது. தமிழகமே கலங்கியது.

சில மாதம் கழித்து, 2023 ஜனவரி 2-ந் தேதி, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு ஃபுட்பால் பந்தயம். பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் என்ற 24 வயது வாலிபர் ஒரு வீரரைக் கட்டிப் பிடித்துத் தள்ளினார். மார்பில் அடி. எழுந்து நின்றார். அப்படியே சாய்ந்தார். இதயம் நின்று விட்டது!

மைதான ஓரத்தில் இருந்தவர்கள் உடனே ஓடி வந்தார்கள். மார்பை அழுத்தி அழுத்தி ரத்தம் ஓட வைத்தார்கள். மின்சார அதிர்ச்சிக் கருவியை வைத்தார்கள். இதயம் மறுபடியும் துடித்தது. பந்தயத்தை அன்றே நிறுத்தி, பிறகு ரத்தும் செய்தார்கள். அந்த வாலிபர் பிழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் களத்தில் இறங்கினார்.

இரண்டு சம்பவங்களுக்கும் காரணம் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் இதிலிருந்து எந்தப் பந்தயக் கமிட்டியும் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒருவர் சாய்ந்த முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கொடைக்கும் பொங்கலுக்கும் ஊர் ஊராகக் கபடி நடக்கிறது. மின்விளக்குக்குச் செலவு செய்கிறோம். மைக் செட்டுக்குச் செலவு செய்கிறோம். கோப்பைக்கும் பரிசுப் பணத்துக்கும் செலவு செய்கிறோம். ஐஸ் கட்டிக்கும் ஸ்டிரெச்சருக்கும் செலவு செய்கிறோமா? தூத்துக்குடித் துறைமுகத்தில் ஐசுக்கா பஞ்சம்!

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

கபடி ஆடும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால், பெற்றோர் இவற்றை நினைவில் வைக்கலாம்.

முட்டியில் அடிபட்டு வீங்கினால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்று சொல்லக் கூடாது.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, 15 அல்லது 20 நிமிடம் வைக்க வேண்டும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கூடாது. யாரையும் காலைப் பிடித்து இழுக்க விடக் கூடாது. வீக்கம் கூடுமே தவிரக் குறையாது.

வீக்கம் வடிந்தாலும் எலும்பு மூட்டு டாக்டரிடம் ஒரு தடவை காட்டி விட வேண்டும். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எந்தச் சிகிச்சைக்கு அது உதவும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் தாமதிக்கக் கூடாது. அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்தால், 108-க்குப் போன் செய்ய ஒருவர் போக வேண்டும். இன்னொருவர் நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை வேகமாக அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு கபடிக் குழுவிலும் நாலு பேராவது இதைப் பழகிக் கொள்ள வேண்டும்.

கயிறு பிடிக்கிறவர்

தூத்துக்குடிக்கு "முத்து நகர்" என்று பெயர். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. முத்துக் குளித்த காலத்து வழக்கம் ஒன்றை இந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள்.

குளிக்கிறவர் ஒரு கல்லின் பாரத்தில் கடலுக்கு அடியே இறங்குவார். மூச்சை அடக்கிக் கொண்டு சிப்பிகளைக் கூடையில் போடுவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்து விட வேண்டும்.

கயிறு பிடிக்க யாரையும் நம்ப மாட்டார்களாம். மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். ஏன்? கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறதே! அவர் கண்ணயர மாட்டார்.

கயிறு அசைந்ததும் மைத்துனர் என்ன செய்வார்? "கூடை இன்னும் நிறையவில்லையே" என்று கேட்பாரா? "நடிக்கிறான்" என்பாரா? "இன்னும் இரண்டு சிப்பி எடுத்து விட்டு வா" என்பாரா? மாட்டார். கேள்வி கேட்காமல் இழுப்பார். முத்து நாளைக்கும் கடலில் இருக்கும். மூச்சு இன்றைக்குப் போனால் போனதுதான்.

வீரர் தன் முழங்காலைப் பிடித்துக் கொண்டு கீழே உட்காருவதும் கயிற்றை அசைப்பது போலத்தான். அணியின் தலைவர், பயிற்சியாளர், பந்தயக் கமிட்டி, பெற்றோர் எல்லோரும் படகில் நிற்பவர்கள். கைதட்டும் ரசிகரும் அதே படகில்தான் நிற்கிறார்.

அடுத்த கபடி சீசனும் வரும். துறைமுக டீக்கடையில் மறுபடியும் கூட்டம் கூடும். யாராவது ஒரு வீரர் விழுவார். அப்போது "அவனுக்கு ஆறட்டும்வே, அடுத்த பையன் ஆடட்டும்" என்று பெஞ்சில் ஒரு குரல் எழுந்தால் போதும்.

அன்று ராத்திரி, பெஞ்சு ஓரத்துப் பையன் வீட்டுக்குப் போய், "அம்மா, முட்டி வலிக்குது" என்று தைரியமாகச் சொல்வான்.